சைக்கிள் கொடுக்கும் நாளில் ஒரு மதியம் வேண்டும்: மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்னை – திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்த மறுநாள் எங்களைப் போன்ற கடைகளில்தான் கூட்டம் நிற்கும். நட்டு முடுக்க, ஹேண்டில்பாரை நேராக்க, சீட்டை இறக்க, பிரேக் பிடிக்கவைக்க. பிள்ளைகள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு எப்படி ரோட்டில் ஏறுகிறார்கள் என்பதைக் கடை வாசலிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை அமைச்சருக்கு எழுது, கலெக்டருக்கு எழுது என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். எழுதலாம். மனு போகும், பதில் வரும், அதற்குள் இந்த வருடத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார்கள். உங்களிடம் மைதானம் இருக்கிறது, விசில் இருக்கிறது, கோடு போடச் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பதினாறு வயதுப் பையன் மறுபேச்சில்லாமல் கேட்கிற ஆள் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் பி.டி. சார் ஒருவர்தான். நான் கேட்பது ஒரே ஒரு மதியம். சைக்கிளைக் கொடுக்கிற அன்றைக்கோ, அந்த வாரத்திலோ, ரோட்டில் எப்படிப் போகவேண்டும் என்று மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு அனுப்புங்கள்.

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. 2005-06இலிருந்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற பையன், பெண் எல்லோருக்கும் கிடைக்கிறது. இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் சைக்கிள். பஸ் வராத ஊரிலிருந்து பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் வந்ததற்கு இந்த வண்டியும் ஒரு காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, என் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் 5 லட்சம் வண்டி ரோட்டுக்கு வருகிறது, அதில் ஒன்றுக்குக்கூடப் பாடம் கிடையாது.

பைக் ஓட்டுகிறவனுக்காவது எல்எல்ஆர் போடும்போது நாலு சின்னத்தைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்கிறார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. நல்ல விஷயம்தான், கிடையாமலே இருக்கட்டும். ஆனால் லைசென்ஸ் இல்லை என்பதாலேயே ரோட்டு விதியை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டது. இந்த வயசுக்குச் சட்டப்படி வேறு வண்டியும் இல்லை. பதினாறு வயசில் 50 சிசிக்குள் இருக்கிற கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தருவார்கள், அந்த மாதிரி பெட்ரோல் வண்டி இப்போது எந்த ஷோரூமில் நிற்கிறது? மீறி அப்பா பைக்கை எடுத்துப்போய் ஏதாவது ஆனால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும், மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. ஆக, அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள்தான் வண்டி. அதை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

புதுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். அன்றைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வண்டி கிடைப்பது கஷ்டமாக இருந்த காலத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. இப்போது வண்டி வீடு தேடி வருகிறது, கற்றுக்கொடுக்கத்தான் ஆளைக் காணோம். பேலன்ஸ் யாரும் சொல்லித்தர வேண்டாம், அதெல்லாம் ஆறாவது படிக்கும்போதே குரங்குப் பெடலில் வந்துவிடுகிறது. வராமல் இருப்பது ரோடு.

முதலில் எதிர்த்திசை. எங்கள் பக்கம் இதுதான் பெரிய வியாதி. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். சென்டர் மீடியனில் திறப்பு எங்கேயோ தள்ளி இருக்கும். அதுவரை போய்ச் சுற்றி வர எந்தப் பிள்ளைக்குப் பொறுமை? ராங் சைடில் ஓரமாகவே வந்துவிடுகிறார்கள். கேட்டால், “எதிரே வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுதுல்ல அண்ணா, பின்னாடி வர்றதுதான் தெரியாது” என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கு அது சரியும்கூட. நடைபாதை இல்லாத ரோட்டில் வண்டியைப் பார்த்தபடி நடப்பதுதான் நல்லது. சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஏன் என்று கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, சைக்கிள் 15. ஒரே திசையில் போனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 45. எதிரெதிரே வந்தால் 75. ஐம்பது மீட்டர் தூரத்தில் டிரைவர் பிள்ளையைப் பார்த்தார் என்று வையுங்கள். ஒரே திசையில் என்றால் நான்கு விநாடி கிடைக்கும், எதிரில் வந்தால் இரண்டரைகூட இல்லை. இன்னொன்று, சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடப்பக்கம் ஏறுகிறவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். ராங் சைடில் வருகிற பிள்ளை அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து நிற்கும்.

திறப்பைத் தள்ளி வைத்தது பிள்ளைகள் குற்றமில்லை. ஊருக்கு நடுவே ரோட்டைப் போட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் எப்படிக் குறுக்கே போவார்கள் என்று யோசிக்காதவர்கள் குற்றம். அவர்களுக்கும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது. ஆனால் நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்தாக வேண்டும். அதனால் நடக்கிற வழியைச் சொல்லிக்கொடுங்கள். சர்வீஸ் ரோடோ சுரங்கப்பாலமோ இருந்தால் சுற்றானாலும் அந்த வழி. எதுவும் இல்லை, எதிர்ப்பக்கமாகத்தான் கொஞ்ச தூரம் வந்தாக வேண்டும் என்றால் இறங்கித் தார் ரோட்டை விட்டு மண்ணில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டும். இறங்கிவிட்டால் நடந்து வருகிற ஆள், அவ்வளவுதான். இதில் கௌரவம் பார்க்கிறார்கள் பையன்கள். நீங்கள் சொன்னால் இறங்குவார்கள், நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அடுத்தது பஸ், லாரி. எங்கள் ஊர்ப் பக்கம் கரும்பு டிராக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போகிற தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டி வரும். முன்பக்கம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று ஓரத்தில் நிற்கிற பிள்ளையைப் பின்சக்கரம் அணைத்துக்கொள்ளும். இதை வாயால் சொன்னால் ஏறாது. பள்ளிக்கு வருகிற வேனையோ, யாராவது மாணவனுடைய அப்பாவின் டிராக்டரையோ ட்ரெய்லரோடு மைதானத்துக்குள் ஒரு தரம் விடச் சொல்லுங்கள். ஈர மண் என்றால் டயர்த் தடம் தானாகப் பதியும், காய்ந்த தரை என்றால் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிடுங்கள். மெதுவாக இடது பக்கம் திருப்பட்டும். பிறகு இரண்டு தடத்துக்கும் நடுவே ஒரு பையனைச் சைக்கிளோடு நிற்கச் சொல்லுங்கள், வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகுதான். எங்கே நிற்கக்கூடாது என்பது அதோடு மண்டையில் ஏறிவிடும்.

அப்படியே ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏறி உட்காரட்டும். கண்ணாடியில் என்ன தெரிகிறது, இடப்பக்கம் ஒட்டி நிற்கிற சைக்கிள் தெரிகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். லண்டனில் போலீஸ்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்களை லாரியின் டிரைவர் சீட்டில் ஏற்றிக் காட்டுகிறார்கள். ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கே போலீஸ் வந்து சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பரீட்சையும் வைக்கிறது. நாம் பதினாறு வயசில்கூடத் தொடங்கவில்லை.

மூன்றாவதாக ஓரம். “ஓரமாப் போடா” என்றுதான் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். எவ்வளவு ஓரம் என்று யாரும் சொல்வதில்லை. தார் முடிகிற விளிம்பைப் பார்த்திருப்பீர்கள். பல இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரற்கடை இறக்கம் இருக்கும், மழைக்கு அரித்தால் இன்னும் ஆழம். பின்னால் ஹாரன் அடித்ததும் பயந்து மண்ணில் இறங்குகிறார்கள். இறங்கும்போது ஒன்றும் ஆவதில்லை. திரும்பி ஏறும்போதுதான் ஆபத்து. விளிம்புக்கு இணையாகவே சாய்த்து ஏற்றப் பார்ப்பார்கள், முன்சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது, சட்டென்று வழுக்கும். விழுவது ரோட்டுப் பக்கம். என் கடைக்கு ரிம் கோட்டம் எடுக்க வருகிற பிளஸ் ஒன் வண்டிகளில் பாதிக்கு இதுதான் கதை. ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, வளையாமல் நேராகப் போகச் சொல்லுங்கள். மண்ணில் இறங்கிவிட்டால் நின்று, பின்னால் பார்த்து, வண்டியைத் தூக்கி வைத்து ஏறட்டும். அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் பாதி ரோட்டை அடைத்துக் காயும், பக்கத்தில் கல் வேறு வைத்திருப்பார்கள். அங்கே கடைசி நேரத்தில் வெடுக்கென்று வலப்பக்கம் ஒடிக்காமல், தூரத்திலேயே திரும்பிப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, மெதுவாக விலக வேண்டும்.

திரும்பிப் பார்ப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். செய்து பார்க்கச் சொல்லுங்கள். தலையை வலது தோள் பக்கம் திருப்பினால் ஹேண்டிலும் கூடவே வலப்பக்கம் போகும், புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. இதற்கு மைதானத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. நீளமாகக் கோடு போட்டு அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று விசில் அடித்து விரலைக் காட்டுங்கள். கோட்டை விட்டு விலகாமல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். அது வந்த பிறகு ஒற்றைக் கையில் ஓட்டிக்கொண்டே வலது கையை நீட்டிச் சைகை காட்டப் பழக்குங்கள். இண்டிகேட்டர் இல்லாத வண்டிக்குக் கைதான் இண்டிகேட்டர். இப்போது யாரும் காட்டுவதில்லை, காட்டினால் பின்னால் வருகிறவர்கள் டாட்டா காட்டுகிறான் என்று நினைக்கிறார்கள்.

பிரேக்குக்கும் ஒரு கோடு போடுங்கள். வேகமாக வந்து கோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ரிம்மில் ஊற்றிவிட்டு மறுபடியும் அதே வேகம், அதே கோடு. ரிம் நனைந்திருந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று பிரேக் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்த பிள்ளை ஐப்பசி மழையில் கொஞ்சம் யோசித்து ஓட்டும்.

வரிசையாகப் போங்கள் என்று சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடம் விட்டால் மூன்று பேர் சேர்ந்து பேசிக்கொண்டுதான் போவார்கள், அந்த வயசுக்கு அதுதான் சந்தோஷம். கிராமத்து ரோட்டில் போகட்டும். ஆனால் பின்னால் சத்தம் கேட்டதும் எப்படி ஒற்றை வரிசை ஆவது என்பது தெரியவேண்டும். இப்போது வலப்பக்கம் போகிறவன் முன்னே மிதிக்கிறான், நடுவில் இருப்பவனும் முன்னே மிதிக்கிறான், ஒருத்தன் சக்கரத்தில் இன்னொருத்தன் மாட்டி இருவரும் விழுகிறார்கள். வெளியே இருப்பவன்தான் வேகத்தைக் குறைத்துப் பின்னால் நழுவ வேண்டும் என்று ஒரே விதியாக வைத்து, விசிலுக்கு விசில் பழக்கினால் போதும். மார்ச் பாஸ்ட் பழக்குகிறவர்களுக்கு இது ஒரு வேலையா?

துப்பட்டாவை முடிச்சுப் போடுவது, பையை ஹேண்டிலில் மாட்டாமல் கேரியரில் கட்டுவது, காதில் இயர்போன் வேண்டாம் என்பதெல்லாம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை, போட்டால் நல்லது, ஆனால் அதை வாங்கச் சொல்லி ஏழைப் பிள்ளைக்கு இன்னொரு செலவு வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதே காசில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குச் செலவு செய்யலாம்.

வெளிச்சம் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும். ஒரு காலத்தில் ராத்திரி லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும். டைனமோ இல்லாதவன் சிம்னி விளக்கையாவது கையில் பிடித்துக்கொண்டு போவான். பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். டைனமோ போயே போய்விட்டது. சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு மத்திய அரசு 2020இல் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு ஒன்று கொண்டுவந்தது, முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பெடலிலும் சக்கரத்திலும் என்று. வண்டி கைக்கு வரும்போது அவை இருக்கின்றனவா, பின் சிவப்பு நேராக நிற்கிறதா, கேரியருக்கு அடியில் பார்த்து மடங்கிக் கிடக்கிறதா என்று வழங்கும் அன்றே வரிசையில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். டியூஷன் முடித்து ஏழு மணிக்கு வருகிற பிள்ளைக்கு அது போதாது. பைக் கடையில் கிடைக்கிற ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சாண் பின் மட்கார்டில், பெடல் ஓரத்தில் கொஞ்சம். பெடலில் ஒட்டியது மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று டிரைவருக்குத் தெரியும். கரும்பு சீசனில் விளக்கே இல்லாமல் ரோட்டோரம் நிற்கிற ட்ரெய்லரையும் சொல்லி எச்சரியுங்கள். எதிரே வருகிற வண்டியின் ஹை பீம் வெளிச்சத்தில் கண் கூசும்போது அது தெரியவே தெரியாது. கண் கூசினால் மிதிப்பதை நிறுத்த வேண்டும்.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நாலாயிரத்துக்கு மேல் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் எந்தத் தப்பும் செய்யாமல் பின்னால் இடிபட்டவர்களாக இருப்பார்கள். சைக்கிள்காரன் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் பின்னால் வருகிறவன் சரியாக வராவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஸ்டாப்பிங்கில் சைக்கிளை ஓவர்டேக் செய்து அப்படியே ஒடித்து நிறுத்துகிற பஸ்காரர்களை நானும் தினம் பார்க்கிறேன். பிள்ளைகளை மட்டும் திருத்தினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் மைதானத்துக்குள் வந்து நிற்பது பஸ் டிரைவர் இல்லை, பிள்ளைகள்தான்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பி.டி. பீரியடை மேத்ஸ் சார் கேட்டு வாங்கிக்கொள்கிற கதை ஊருக்கே தெரியும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்று ஆகிவிட்டதே, இந்த ஒரு மதியத்தையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று பேனர் பிடித்து ஊர்வலம் போகிறோம். அந்த ஊர்வலத்துக்கு எடுத்துக்கொள்கிற நேரம் போதும். என்எஸ்எஸ், சாலைப் பாதுகாப்புப் படைப் பிள்ளைகளை முதலில் பழக்கிவிட்டால் மற்றவர்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து ஸ்டேஷனில் கேட்டால் போக்குவரத்துக் காவலர் ஒருவரை அனுப்புவார்கள். யூனிஃபார்ம் நின்றால் பையன்கள் கொஞ்சம் அடங்குவார்கள்.

வண்டியின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற விஷயமும் இருக்கிறது. அவ்வளவு வண்டியையும் அவசர அவசரமாகப் பூட்டுவதால் எங்காவது ஒரு நட்டு தளர்ந்துதான் இருக்கும். யாரையும் குற்றம் சொல்லவில்லை, மொத்த வேலை என்றால் அப்படித்தான். முன்சக்கர நட்டு, ஹேண்டில்பார் தண்டு, பிரேக் கட்டை, செயின் தளர்ச்சி, சீட் உயரம் இந்த ஐந்தையும் பார்த்துவிட்டால் பிறகு ஆறு மாதம் கவலையில்லை. பிரேக் கட்டை ரிம்மில் பிடிக்கவேண்டும், டயரில் உரசினால் ஒரு மாதத்தில் டயர் வெடிக்கும். சீட்டில் உட்கார்ந்தால் முன்பாதம் தரையைத் தொடவேண்டும். குள்ளமான பெண் பிள்ளைகளுக்கு எப்போதும் சீட் உயரமாகத்தான் வருகிறது. பஸ் பக்கத்தில் வந்து சட்டென்று நிற்க நினைக்கும்போது கால் எட்டாமல் சாய்கிறார்கள்.

இதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு நானே வருகிறேன். தேதி தெரிந்ததும் முதல் நாளே சொல்லியனுப்புங்கள், அன்றைக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு இரண்டு பம்பு, ஸ்பேனர் செட், பிரேக் கட்டை கொஞ்சம், ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுருள் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். முடுக்கிக் கொடுக்கக் காசு வேண்டாம், கட்டை மாற்றினால் கட்டைக்கு மட்டும். இரண்டு மணிக்கு மேல் வைத்தால் எனக்குத் தோது, காலையில் பஞ்சர் வேலை இருக்கும். மைதானத்தில் வேப்பமரம் இருக்கிற பக்கமாக ஒதுக்கிக் கொடுங்கள், வெயிலில் பால்ரஸ் குண்டு கீழே விழுந்தால் தேட முடியாது.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்